ஃபுளோரைடு அளவு: 1-ஆ, 1.5-ஆ?

குடிநீரில் ஃபுளோரைடு கூடினால் வரும் பல் கறை பற்றி உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கதைகளில், அதன் வரம்பை ஒருவன் 1 என்றும் இன்னொருத்தி 1.5 என்றும் எழுதியிருக்கிறார்கள், எது சரி என்று கேட்டிருந்தீர்களே, இரண்டும் சரிதான் டீச்சர். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை விடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5. எந்த எண்ணையும் அடிக்க வேண்டாம், யார் சொன்ன எண் என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கூகுளில் முதலில் வந்த வரியை அப்படியே நோட்டில் ஏற்றியிருப்பார்கள். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் நான் பாடம் நடத்தும் ஒன்பதாம் வகுப்பிலும் இதே பாடுதான். ஒரு பெண் எழுதிய கதையில் பாட்டி போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஃபுளோரைடைப் போக்கிவிட்டாள், எங்கே படித்தாய் என்றால் வாட்ஸ்அப். கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அதிலேயே தங்கி அடர்த்தி கூடும்.

யார் அளந்தது, எந்த வருடம், என்ன அலகு என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஓரத்தில் பென்சிலால் எழுதட்டும். எழுத முடியாத வரியை எடுத்துவிடலாம்.

ஒன்று மட்டும் பாருங்கள், ஒரு போரின் அளவை வைத்து தருமபுரித் தண்ணீரே இப்படித்தான் என்று எழுத விடாதீர்கள், பக்கத்துப் போரிலேயே அளவு மாறும். அப்புறம், பல்லில் கறை உள்ள பிள்ளையை வகுப்பில் உதாரணம் காட்ட வேண்டாம்.