வாசகர் கேள்வி: ஜவ்வாது மலைச் சந்தைக்கு ஒரு நாள்

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் பதினாறு பேர் வேன் பேசி, ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் சந்தைக்கு ஒரே நாளில் போய்வர நினைக்கிறோம். புளி, சாமை வாங்க வேண்டும். எப்போது கிளம்புவது, எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகி, ராயபுரம்

பதில்: விடியற்காலை 3 மணிக்கே வண்டி கிளம்பட்டும். பூந்தமல்லி, ஆற்காடு, ஆரணி, போளூர் வழியாக மேலே போய்ச் சேர ஐந்து மணி நேரமாவது ஆகும். குக்கிராமங்களிலிருந்து மூட்டை சுமந்து வருபவர்கள் வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டுத் திரும்பப் பார்ப்பார்கள். வாரச்சந்தை கூடும் நாளை விசாரித்துக்கொண்டு பிறகு வேனுக்கு முன்பணம் கொடுங்கள். போளூரில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டால் மலை வளைவுகளில் குமட்டும். மதியம் 3 மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். இறக்கத்தில் டிரைவர் சின்ன கியரிலேயே வரவேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

புதுப்புளி மாசி, பங்குனியில் வரும். ஓடு நீக்கிய கொட்டைப்புளி ஒரு கிலோ வாங்கினால் கொட்டையும் நாரும் போக 600 கிராம்தான் தேறும். கொட்டை எடுத்த புளியோடு விலையை ஒப்பிடும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். நம் பக்கம் கடற்காற்றில் புளி சீக்கிரம் கசியும், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் வந்த மறுநாளே வெயிலில் காயவைத்து, கொட்டை எடுத்து, ஜாடியில் ஓர் அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்பு என்று அழுத்தி வையுங்கள். மீன் குழம்புக்கு எடுக்கும்போது ஈரக் கை படக்கூடாது.

சாமையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உமியோடு இருக்கும் சாமையை வாங்கிவந்தால் வீட்டு மிக்ஸியில் உமி நீங்காது. 'சாமை அரிசி' என்றே கேளுங்கள். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதிப் பாருங்கள். உமி பறந்தால் இன்னும் புடைக்க வேண்டும் என்று பொருள். தவிட்டோடு பழுப்பாக இருப்பதுதான் நல்லது, ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். இரண்டு மாதத்துக்கு வேண்டியது போதும். சமைக்குமுன் கல் அரித்துவிடுங்கள்.

மேலே செல்போன் சிக்னலை நம்பாமல் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொண்டு போங்கள். துணிப்பையும் அவசியம். காட்டில் பொறுக்கியதை விற்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த மலையில் வாழும் 'மலையாளி' என்ற பழங்குடியினருக்கு (கேரளத்து மலையாளிகள் அல்ல) தந்திருக்கிறது. நாள் முழுக்க நடந்து சேர்த்த நெல்லிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். முகத்தைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். சந்தனக் கட்டை, காட்டு இறைச்சி என்று யாராவது ரகசியமாக நீட்டினால் விலகிவிடுங்கள். வாங்குபவர் மீதும் வழக்கு வரும்.

கேள்வி: தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கினால் அசல் தேன் என்கிறார்களே?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அதை நம்பாதீர்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அடியில்தான் தங்கும். மழைக்காலத்தில் எடுத்த மலைத்தேன் இயல்பாகவே நீர்த்திருக்கும். அதில் நீர் அதிகமாக இருந்தால் புளித்து நுரைக்கும். பாட்டிலைத் திறக்கும்போது காற்று 'புஸ்' என்று வந்தால் வாங்க வேண்டாம். உறைந்து மணல் போல் ஆனால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும், நாக்கில் தடவக்கூட, கூடாது.