ரயட் ஆக்டை வாசித்தவர்கள்

வணக்கம் சார். எங்கள் டீமில் வேலை தாமதமாகிவிட்டது. மேலாளர் தன் மேலதிகாரிக்கு அனுப்பிய மெயிலில் 'ஐ ஹேட் டு ரீட் தெம் த ரயட் ஆக்ட்' (அவர்களுக்குக் கலகச் சட்டத்தை வாசிக்க வேண்டியதாயிற்று) என்று எழுதியிருந்தார். எங்களை வாங்கு வாங்கென்று வாங்கியதைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. ஆனால் உண்மையிலேயே அப்படி ஒரு சட்டம் இருந்ததா, அல்லது இதுவும் இணையத்தில் உலவும் கதைதானா? நான் இதைத் திருப்பி அவரிடம் பயன்படுத்தலாமா?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கதை இல்லை. சட்டமும் இருந்தது, அதைத் தெருவில் நின்று வாசிக்கவும் செய்தார்கள்.

1714இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்து முதலாம் ஜார்ஜ் மன்னரானது இங்கிலாந்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஊர் ஊராகக் கலவரம். அதை அடக்க அரசு கொண்டுவந்த சட்டம் 1715 ஆகஸ்ட் 1இல் அமலுக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால் மாஜிஸ்திரேட்டோ மேயரோ அருகே போய், அமைதி கேட்டு, சட்டத்திலேயே எழுதியிருக்கும் அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். சின்னதுதான்: மன்னர் ஆணையிடுகிறார், உடனே கலைந்து வீட்டுக்கோ பிழைப்புக்கோ போங்கள், 'காட் சேவ் த கிங்'. ஒரு மணி நேரம் கழித்தும் நின்றால் மரண தண்டனை. கலைக்கும்போது யாராவது செத்தால் கலைத்தவர் மேல் வழக்கு வராது. ஆக, வாசிப்பது திட்டுவதற்காக அல்ல, கெடு வைப்பதற்காக. உங்கள் மேலாளர் அந்த ஒரு மணி நேரத்தைத் தந்தாரா என்று தெரியவில்லை!

வாசகம் பிசகக் கூடாது. 1830இல் ஒரு வழக்கில், கடைசி 'காட் சேவ் த கிங்' விட்டுப்போனதால் வாசித்ததே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல் பறந்து வரும்போது யாருக்குத்தான் கடைசி வரி நினைவிருக்கும்? வாசிக்காமல் விட்டாலும் வம்புதான். 1780இல் லண்டன் கார்டன் கலவரத்தின்போது கடமை தவறியதற்காக மேயர் கென்னட்டே குற்றவாளி ஆனார்.

ஆனால் முறைப்படி வாசித்தார்களா என்பது செத்தவர்களுக்கு உதவவில்லை. 1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டர் செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்ட். வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்டு சுமார் 60,000 பேர் கூடியிருந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து சட்டத்தை வாசித்ததாக மாஜிஸ்திரேட்டுகள் பின்னால் சொன்னார்கள். தங்கள் காதில் எதுவும் விழவில்லை என்றார்கள் கூட்டத்தில் இருந்தவர்கள். வாசித்ததாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரம் யாரும் காத்திருக்கவில்லை. குதிரைப்படை வாளோடு பாய்ந்ததில் குறைந்தது 15 பேர் இறந்தார்கள். பீட்டர்லூ என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

1919 ஜனவரியில் கிளாஸ்கோவில் வேலைநிறுத்தக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். வாசித்துக்கொண்டிருந்த ஷெரிஃபின் கையிலிருந்து தாளையே பறித்துவிட்டார்கள். பிறகு 1973க்குள் சட்டம் ஏட்டிலிருந்தே போய்விட்டது.

வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு 1860இல் தந்த தண்டனைச் சட்டத்தில் 12 பேர் 5 பேராகக் குறைந்தது. கலைந்து போகச் சொல்ல வேண்டும் என்பது இங்கும் உண்டு, அந்த ஒரு மணி நேரம் மட்டும் கிடையாது. எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை.

அப்புறம், பயன்படுத்துவது பற்றி. அதிகாரம் உள்ளவர் கீழே இருப்பவர்களிடம் 'இதோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால்' என்று கண்டிப்பதற்கே இந்தத் தொடர். மேலாளரிடம் வேண்டாம். வீட்டில் பிள்ளைகளிடம் தாராளமாகப் பயன்படுத்தலாம்.