‘குண்டாஸை உடைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது, பெயிண்டர். அடிதடி வழக்கில் கைதாகிப் புழலில் இருந்தான். ஜாமீன் மனு வரும் நேரத்தில் கமிஷனர் குண்டாஸ் போட்டுவிட்டார். சிறை வாசலில் பழக்கமான ஒருவர், 80,000 ரூபாய் கொடுத்தால் போர்டில் பேசி ஜாமீன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? - ஒரு வாசகி, வடசென்னை

பதில்: கொடுக்காதீர்கள். குண்டாஸுக்கு ஜாமீனே கிடையாது. வாங்கித் தருகிறேன் என்பவருக்குச் சட்டம் தெரியாது. அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

அடிதடி வழக்கு, நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு. குண்டாஸ், இனிமேல் செய்துவிடுவான் என்று முன்கூட்டியே உள்ளே வைப்பது. 1982-ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டம், அதிகபட்சம் 12 மாதம். வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் இந்த ஆணை இருக்கும்வரை தம்பி வெளியே வர முடியாது. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ரேகா வழக்கில் சொல்லியாயிற்று. ஆனாலும் ஜாமீன் வரப்போகிற வாரம் பார்த்து ஆணை வருவது நின்றபாடில்லை. அது யார் மேல் விழுகிறது? நான் பார்த்தவரை பெயிண்டர், மூட்டை தூக்குகிறவர், குடிசைவாசி.

அவர் சொல்லும் போர்டு, அறிவுரைக் கழகம். காவலில் வைக்கப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் குழு. ஆணைப்படி காவலில் வைத்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அரசு கோப்பை அங்கே அனுப்ப வேண்டும். ஏழு வாரத்துக்குள் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். அங்கே வக்கீல் வாதாட முடியாது. ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று கறுப்புக் கோட்டுப் போட்டவரே சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் வக்கீல் அல்லாத ஒருவர் தம்பிக்குத் துணையாக நிற்கலாம். உச்ச நீதிமன்றம் ஏ.கே. ராய் வழக்கிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. அதாவது படித்த சித்தப்பாவோ, தெரிந்த ஆசிரியரோ. ஆனால் தம்பிதான் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும், முன்பே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தானாக யாரும் தரமாட்டார்கள். அரசுத் தரப்பு சட்ட ஆலோசகரோடு வந்தால் தம்பிக்கும் வக்கீல் வேண்டும் என்று கேட்கலாம். அதுவும் அதே தீர்ப்புதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஆணைக்கான காரணங்களைத் தம்பிக்குப் புரியும் மொழியில் 5 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் காகிதக் கட்டை ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். படிக்க முடியாத நகல், தமிழ் மொழிபெயர்ப்பு விட்டுப்போன பக்கம், தப்பான தேதி, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆணைகள் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். அப்புறம் கமிஷனருக்கும் உள்துறைச் செயலாளருக்கும் கழகத்துக்கும் முறையீட்டு மனு. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அந்த மனுவை அரசு காரணமில்லாமல் இழுத்தடித்தால் அந்தத் தாமதமே உயர் நீதிமன்றத்தில் உங்களுக்குச் சாதகம்.

அங்கே போடுவது ஆட்கொணர்வு மனு, அதாவது சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பவரை விடுவிக்கக் கேட்கும் மனு. ஆணையை ரத்து செய்யும் அதிகாரம் அங்கே உண்டு. அது பட்டியலில் வரவே மாதங்கள் ஆகலாம். ரத்தானாலும் அந்த மாதங்களை யாரும் திருப்பித் தருவதில்லை. ‘குண்டாஸில் போனவன்’ என்று தெரு சொல்வதும் நிற்காது.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுங்கள். அந்த வாசல்காரர் ‘வக்காலத்துக்கு’ என்று நீட்டும் வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.