சனியைத் தள்ளிய சாலை

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன், சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா கடற்கரை வரை பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலையில் காரிலேயே அழைத்துப்போகிறேன் என்கிறான். வழியெல்லாம் விசித்திரமான பழைய ஊர்களாம். இதற்கெல்லாம் ராசி வேண்டும் அல்லவா? எதைப் பார்க்காமல் திரும்பக்கூடாது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ராசியா? வாருங்கள். ராசிபலன் போடவில்லை என்று சந்தாவை நிறுத்தியவர்கள் இன்னும் என்னைத் திட்டி எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தச் சாலையின் ஜாதகத்தைப் புரட்டுகிறேன்.

நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுத்த குழுவில் இருந்தவர் ஓக்லஹோமாவின் துல்சாக்காரர் சைரஸ் ஏவரி. அவர் இதற்குக் கேட்ட எண் 60. பூஜ்யத்தில் முடிந்தால் கிழக்கு மேற்காக ஓடும் பெரிய சாலை என்று கௌரவம். எங்கள் மாநிலத்துக்கு அப்படி ஒன்றுகூட இல்லையே என்று கென்டக்கி ஆளுநர் ஃபீல்ட்ஸ் சண்டைக்கு வந்தார். சரி, 60 அவர்களுக்கு, உன் சாலைக்கு 62 வைத்துக்கொள் என்று ஏவரியிடம் சொன்னார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. 1926 ஏப்ரல் 30 அன்று மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் உட்கார்ந்து, யாருக்கும் போகாமல் மிச்சமிருந்த 66ஐப் பொறுக்கித் தந்தி அடித்தார்கள்.

எண்கணித மேதையிடம் கேளுங்கள். 62ஐக் கூட்டினால் 8, சனி. 66ஐக் கூட்டினால் 12, மறுபடி கூட்டினால் 3, குரு. சனியை உதறிக் குருவைப் பிடித்ததால் வந்த புகழ் என்பார். அப்படியானால் 1985இல் சாலையை அமெரிக்க நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே நீக்கியபோது குரு எங்கே போயிருந்தார்? பெயர்ச்சியாகியிருப்பார். பரிகாரமாக இன்னொரு 6 சேர்க்கச் சொல்வார். சிரிக்காதீர்கள், 66இன் கிளைச் சாலை ஒன்றுக்கு நிஜமாகவே 666 என்று எண் இருந்தது. சாத்தானின் எண் என்று பயந்து 2003இல் அதை 491 ஆக்கினார்கள். மூடநம்பிக்கைக்கு விசா தேவையில்லை. கென்டக்கி மல்லுக்கட்டி வாங்கிய 60ஆம் எண் சாலை இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க யாராவது மகனை நச்சரிக்கிறார்களா?

இந்தச் சாலைக்கு ராசியைவிட வீம்புதான் அதிகம் உதவியது. நியூ மெக்சிகோ ஆளுநர் ஹானெட் 1926 தேர்தலில் தோற்றார். தலைநகர் சாண்டா ஃபேயின் அரசியல்வாதிகள்தான் கவிழ்த்தார்கள் என்று கோபம். பதவி முடியுமுன் அந்த ஊரை ஒதுக்கி, சாண்டா ரோசாவிலிருந்து மேற்கே ஒரு நேர்சாலை போட உத்தரவிட்டார். வேலையை நிறுத்தப் புது ஆளுநர் அனுப்பிய ஆள் பனியில் மாட்டிக்கொள்ள, அவர் வந்து சேர்வதற்குள் சாலை முடிந்துவிட்டதாகக் கதை. அதுவரை சாண்டா ஃபே வழியாகப் போன 66உம் 1937இல் அந்தப் பாதைக்கே மாறியது. பைபாஸ் போட்டால் ஊர் முன்னேறும் என்று என்னோடு இருபது வருஷமாக வாதாடும் பொறியாளர் நண்பர் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள், மறக்கவில்லை. அரிசோனாவின் ஓட்மனில் கழுதைகள் நடுத்தெருவில் நின்று காரை மறிக்கும். தங்கச் சுரங்கம் மூடியபோது அவிழ்த்துவிட்டவற்றின் சந்ததி. ஓக்லஹோமாவின் கட்டூசாவில் ஒரு குளத்தில் 80 அடி நீலத் திமிங்கிலம் கிடக்கிறது. திமிங்கில பொம்மை சேர்க்கும் மனைவிக்குத் திருமண நாள் பரிசாக ஹியூ டேவிஸ் 1970களின் தொடக்கத்தில் கான்கிரீட்டில் கட்டியது. போட்டோ எடுங்கள், ஆனால் என் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அங்கே சேர்ப்பது எவர்சில்வர் தூக்கு.