மொழி கேள்வி-பதில்: ஸ்பானிய வினை ‘தெனேர்’

ஸ்பானிய மொழி படிக்கும் வாசகர்களின் இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வினையைப் பற்றியவை: தெனேர். ‘உடைமையாக வைத்திரு’ என்பது அதன் அடிப்படைப் பொருள். வயது, பசி, பயம், அவசரம், கட்டாயம் என எல்லாவற்றையும் ஸ்பானியர்கள் இந்த வினையால்தான் சொல்கிறார்கள். இது இல்லாமல் ஐந்து நிமிடம்கூடப் பேச முடியாது.

எழுத்து முறை பற்றி முதலில் ஒரு குறிப்பு. இந்தப் பகுதியில் அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறோம். ‘தூவெ’ என்றால் முதல் அசையில் அழுத்தம், ‘தெந்த்ரே’ என்றால் கடைசி அசையில். இந்த வினையின் குழப்பங்களில் பாதி அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனித்தாலே தீர்ந்துவிடும்.

அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பேசும்போது ஒன்றும் வாயில் வரவில்லை. எந்த வரிசையில் படிக்க வேண்டும்?
(கல்லூரி மாணவி, கோவை)

அட்டவணையை மேலிருந்து கீழே படித்தால், ‘அவர்கள்’ என்ற வடிவம் வேண்டும்போது ‘நான்’, ‘நீ’ என்று தொடங்கி ஒப்பித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். பேச்சு அதுவரை காத்திருக்காது.

ஐந்து வடிவங்களை மட்டும் முதலில் நாக்கில் ஏற்றுங்கள்: தேங்கொ (என்னிடம் இருக்கிறது), தியேனெ (அவரிடம் இருக்கிறது), துவியேரொன் (அவர்களிடம் இருந்தது), தெந்த்ரே (என்னிடம் இருக்கும்), தெனீதொ (எச்ச வடிவம்). மற்றவை ஏறக்குறைய எல்லாமே இவற்றிலிருந்து பிறக்கும்.

‘தேங்கொ’வின் கடைசி ‘ஒ’வை ‘அ’ ஆக்கினால் நிகழ்கால சப்ஜங்க்டிவ் கிடைக்கும்; அதாவது விருப்பம், சந்தேகம், இன்னும் நடக்காதது ஆகியவற்றைச் சொல்லும் வடிவம்: தேங்க, தேங்கஸ், தேங்க, தெங்காமொஸ், தெங்காய்ஸ், தேங்கன். ‘துவியேரொன்’னில் ‘ரொன்’னை நீக்கி ‘ர’ சேர்த்தால் இறந்தகால சப்ஜங்க்டிவ்: துவியேர, துவியேரஸ், துவியேர, துவியேரமொஸ், துவியேரய்ஸ், துவியேரன். இந்த இரண்டாவது விதி ஸ்பானிய மொழியின் எல்லா வினைகளுக்கும் விலக்கின்றிப் பொருந்தும். முதல் விதியில் ‘ஆர்’ என்று முடியும் வினைகளுக்கு ‘அ’வுக்குப் பதில் ‘எ’ வரும்; மற்றபடி ஆறு விலக்குகள் உண்டு: ஸேர், எஸ்தார், ஈர், தார், ஸவேர், அவேர் (துணைவினை). ‘தெந்த்ரே’யின் கடைசி ‘ஏ’வை ‘ஈய’ ஆக்கினால் நிபந்தனை வடிவம்: தெந்த்ரீய.

தொடர் இறந்தகாலம் முற்றிலும் ஒழுங்கானது: தெனீய, தெனீயஸ், தெனீய, தெனீயமொஸ், தெனீயய்ஸ், தெனீயன். அந்தக் காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மொழி முழுவதிலும் மூன்றுதான்: ஸேர், ஈர், பேர்.

பயிற்சியைக் குறுக்காகச் செய்யுங்கள். ஒரே ஆளை எடுத்துக்கொண்டு எல்லாக் காலங்களையும் சொல்லுங்கள்: தேங்கொ, தெனீய, தூவெ, தெந்த்ரே, தெந்த்ரீய. அடுத்து ‘அவர்’: தியேனெ, தெனீய, தூவொ, தெந்த்ரா, தெந்த்ரீய. இப்படிச் சொல்லும்போது இன்னொன்றும் பிடிபடும்: ‘தெனீய’விலும் ‘தெந்த்ரீய’விலும் நானும் அவரும் ஒரே வடிவம். தமிழில் ‘வந்தேன்’ என்றாலே ‘நான்’ தேவையில்லாததுபோல ஸ்பானியத்திலும் பெரும்பாலும் எழுவாய் வேண்டாம். இதுபோன்ற இடங்களில் மட்டும் யாரென்று புரியாவிட்டால் ‘யோ’ (நான்) அல்லது ‘ஏல்’ (அவன்) சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

‘தியேனெஸ்’, ‘தியேனெ’, ‘தியேனென்’ என்று வரும்போது ‘நாங்கள்’ மட்டும் ஏன் ‘தெனேமொஸ்’?
(வாசகர், புதுச்சேரி)

வேர்ச்சொல்லின் ‘எ’ மீது அழுத்தம் விழுந்தால் அது ‘இயே’ என்று பிளக்கும். அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிட்டால் பிளக்காது. தியேனெஸ் என்பதில் அழுத்தம் வேரில். தெனேமொஸ், தெனேய்ஸ் இரண்டிலும் அழுத்தம் விகுதியில். அர்ஜென்டினாவில் ‘நீ’க்குப் ‘போஸ்’ என்பார்கள். அதற்குரிய வடிவம் ‘தெனேஸ்’. அழுத்தம் கடைசிக்குப் போனதால் அங்கேயும் பிளவு இல்லை. ‘தேங்கொ’வில் மட்டும் அழுத்தம் வேரில் இருந்தும் பிளவு இல்லை, அதற்குப் பதில் ‘க’ ஒலி புகுந்திருக்கிறது. பெனீர், பொனேர், ஸலீர், பலேர் ஆகியவையும் ‘நான்’ வடிவத்தில் இதே ‘க’வை ஏற்கும்: பேங்கொ, போங்கொ, ஸால்கொ, பால்கொ.

முடிந்த இறந்தகாலத்தில் ‘தூவெ’ என்று எழுதும்போது மேலே குறி போடக் கூடாதாமே. ‘அப்லே’ (பேசினேன்) என்பதற்குக் குறி உண்டே?
(வாசகி, மதுரை)

இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒழுங்கான வினையில் அழுத்தம் கடைசியில் விழுகிறது: அப்லே (பேசினேன்), அப்லோ (பேசினார்). உயிரில் முடியும் சொல்லின் கடைசி அசையில் அழுத்தம் வந்தால் ஸ்பானிய எழுத்துமுறை குறி கேட்கும். ‘தூவெ’, ‘தூவொ’ இரண்டிலும் அழுத்தம் முதலில் இருப்பதால் குறிக்கு வேலையே இல்லை. குறி போட்டுவிட்டால் படிப்பவர் வேறு சொல்லாக உச்சரிப்பார்.

முழு வரிசை: தூவெ, துவீஸ்தெ, தூவொ, துவீமொஸ், துவீஸ்தெய்ஸ், துவியேரொன். இதே விகுதிகளை ஏற்கும் ஒரு கூட்டமே இருக்கிறது: எஸ்தூவெ (இருந்தேன்), அந்தூவெ (நடந்தேன்), பூதெ (முடிந்தது), பூஸெ (வைத்தேன்), பீனெ (வந்தேன்), ஈஸெ (செய்தேன்), கீஸெ (விரும்பினேன்). ‘தீஹெ’ (சொன்னேன்), ‘த்ராஹெ’ (கொண்டுவந்தேன்) போல ‘ஹ’வில் முடியும் வேர்களில் ‘அவர்கள்’ வடிவம் மட்டும் மாறும்: திஹேரொன். ‘திஹியேரொன்’ என்பது பிழை.

இலத்தீனிலிருந்து நேராக வந்திருந்தால் ‘தூவெ’ கிடைத்திருக்காது. அங்கே வேரில் ‘ன’தான். ‘அவேர்’ வினையின் இறந்தகால வடிவத்தைப் பார்த்து, அதே சாயலில் மக்கள் வார்த்தெடுத்த வடிவம் இது.

பிழை வரும் இடங்கள் இரண்டு. முதலாவது எழுத்து. ஸ்பானியத்தில் வி, பி எழுத்துகளுக்கு ஒலி வேறுபாடு இல்லை. ‘தூவொ’வை வி போட்டு எழுதினால் ‘அவரிடம் இருந்தது’. பி போட்டால் ‘குழாய்’. தாய்மொழிக்காரர்களே தடுக்கி விழும் இடம் இது. இரண்டாவது, குடும்ப வினைகள். மன்தெனேர் (பராமரி), ஒப்தெனேர் (பெறு), தெதெனேர் (நிறுத்து), என்த்ரெதெனேர் (மகிழ்வி) எல்லாம் தெனேரின் பிள்ளைகள். அப்படியே அதைப் பின்பற்றும். மன்தூவெ, ஒப்தூவெ, தெதூவெ என்றுதான் வர வேண்டும். நீளமான சொல் என்பதாலோ என்னவோ, ‘என்த்ரெதெனீ’ என்று ஒழுங்கு வினைபோல் முடிப்பவர்கள் ஸ்பெயினிலேயே உண்டு.

‘தூவெ’, ‘தெனீய’ இரண்டுமே ‘இருந்தது’தானே? எப்போது எது?
(மென்பொருள் பணியாளர், சென்னை)

கடிதங்களில் மிக அதிகமாக வந்த கேள்வி இது, அதற்குக் காரணமும் இருக்கிறது. தமிழில் இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. ‘தூவெ மியேதொ’ என்றால் ‘பயம் வந்தது’. ‘தெனீய மியேதொ’ என்றால் ‘பயமாக இருந்தது’. ‘தூவெ ஊன இதேய’ என்றால் ‘ஒரு யோசனை வந்தது’. ‘தூவொ உன் ஈஹொ’ என்றால் ‘மகனைப் பெற்றாள்’. ‘தெனீய உன் ஈஹொ’ என்றால் ‘அவளுக்கு ஒரு மகன் இருந்தான்’. வயதும் எப்போதும் பின்னணி என்பதால் ‘தெனீய ஸேய்ஸ் ஆஞொஸ்’, அதாவது ‘அப்போது எனக்கு ஆறு வயது’. இங்கே ‘தூவெ’ என்றால் கேட்பவருக்கு உறுத்தும்.

ஆனால் இந்த ‘வந்தது / இருந்தது’ சோதனை ஓரிடத்தில் கைவிடும். ‘மூன்று நாள் காய்ச்சல் இருந்தது’ என்பதை ஸ்பானியத்தில் ‘தூவெ ஃபியேப்ரெ த்ரேஸ் தீயஸ்’ என்றே சொல்ல வேண்டும். மூன்று நாள் என்று எல்லை போட்டுவிட்டதால் அது முடிந்த நிகழ்ச்சி. நீண்ட நேரம் நீடித்தால் தொடர் இறந்தகாலம் என்று நினைப்பதுதான் தமிழ் மாணவர்கள் செய்யும் பெரிய பிழை. எவ்வளவு நேரம் என்பது முக்கியமல்ல, முடிவைச் சொல்கிறீர்களா என்பதே கேள்வி. நூறு ஆண்டு நீடித்தாலும் எல்லையைச் சொன்னால் முடிந்த இறந்தகாலம்தான்.

‘கெ’ சேர்ந்து கட்டாயப் பொருள் வரும்போது வேறுபாடு இன்னும் கூர்மை. ‘தூவெ கெ ஸலீர்’ என்றால் கிளம்பியாக வேண்டியதாயிற்று, கிளம்பியும் விட்டேன். ‘தெனீய கெ ஸலீர்’ என்றால் கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்பினேனா என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும். ‘கிளம்ப வேண்டியிருந்தது, ஆனால் மழை’ என்று தொடர நினைப்பவர் ‘தூவெ’ என்று தொடங்கினால் வாக்கியம் தன்னையே மறுக்கும்.

எதிர்காலத்தில் ‘தெந்த்ரே’ என்று ‘த’ எங்கிருந்து வந்தது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஸ்பானிய எதிர்காலம் என்பது முழு வினையோடு ‘அவேர்’ என்ற துணைவினையின் நிகழ்காலம் ஒட்டிப் பிறந்தது: தெனேர் + ஏ. ஒட்டிய வேகத்தில் நடு ‘ஏ’ தேய்ந்தது. ‘ன்’னும் ‘ர்’ரும் அடுத்தடுத்து வந்தால் நாக்கு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது இடையில் ஓர் அடைப்பொலி தானாகவே எழும். நாம் ‘கன்று’ என்று எழுதி இடையில் ஒரு மெல்லிய ‘ட்’ கேட்கச் சொல்கிறோமே, அதே இயக்கம்தான். 15, 16-ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் ஒலி இடம்மாறிய ‘தெர்னே’ என்ற போட்டி வடிவமும் உண்டு. அது பின்னர் வழக்கொழிந்தது.

எதிர்காலத்தில் ஒழுங்கு மாறும் அடிப்படை வினைகள் 12 மட்டுமே. ‘த்ர’ பெறுபவை ஐந்து: தெனேர், பொனேர், பெனீர், ஸலீர், பலேர். நடு உயிர் மட்டும் விழுபவை ஐந்து: பொதேர், ஸவேர், கவேர், அவேர், கெரேர். வேரே சுருங்குபவை இரண்டு: அஸேர் ‘அரே’ ஆகும், தெஸீர் ‘திரே’ ஆகும். விகுதிகள் எல்லா வினைகளுக்கும் ஒன்றே: தெந்த்ரே, தெந்த்ராஸ், தெந்த்ரா, தெந்த்ரேமொஸ், தெந்த்ரேய்ஸ், தெந்த்ரான். இவற்றில் ‘நாங்கள்’ வடிவத்துக்கு மட்டும் மேற்குறி இல்லை.

தமிழருக்கு எளிதாக வரும் ஒரு பயன்பாடும் உண்டு. ‘அவனுக்கு ஆறு வயது இருக்கும்’ என்று நாம் எதிர்கால வடிவத்தில் ஊகம் சொல்கிறோம் அல்லவா? ஸ்பானியரும் அதேபோல ‘தெந்த்ரா ஸேய்ஸ் ஆஞொஸ்’ என்பார்கள். ‘அப்போது ஆறு வயது இருந்திருக்கும்’ என்றால் ‘தெந்த்ரீய’.

‘பணம் இருந்தால் பயணம் போவேன்’: இதில் ‘ஸி’க்குப் (தமிழின் ‘-ஆல்’ போன்ற நிபந்தனைச் சொல்) பின் எந்த வடிவம்?
(வாசகர், சேலம்)

உங்கள் வாக்கியத்திலேயே இரண்டு பொருள் இருக்கிறது. பணம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்றால்: ஸி தேங்கொ தினேரொ, பியஹரே. பணம் இல்லை, வெறும் ஆசை என்றால்: ஸி துவியேர தினேரொ, பியஹரீய. தமிழின் ‘இருந்தால்’ இரண்டையும் தாங்கிவிடும், ஸ்பானியம் தாங்காது. பேசுவதற்கு முன் பணம் இருக்கக்கூடுமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘இருந்திருந்தால் போயிருப்பேன்’ என்பதில் நமக்குக் குழப்பம் இல்லை: ஸி உவியேர தெனீதொ தினேரொ, அப்ரீய பியஹாதொ.

‘ஸி’க்குப் பின் ‘தெந்த்ரீய’ போடாதீர்கள். வட ஸ்பெயினின் சில பகுதிகளில் பேச்சில் கேட்கலாம், ஆனால் தேர்வில் அது பிழை. ‘ஸி தேங்க’ என்பதும் வராது. ‘தேங்க’ வேண்டுமானால் ‘க்வாந்தொ’வோடு சொல்லுங்கள்: க்வாந்தொ தேங்க தினேரொ, பியஹரே (பணம் வரும்போது போவேன்).

‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘தேங்கொ கொமீதொ’ சரியா?
(மாணவர், திருச்சி)

இல்லை. துணைவினை ‘அவேர்’: ஏ கொமீதொ. தெனேரையே அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஏ தெனீதொ’. இன்று நடந்ததைச் சொல்ல ஸ்பெயினின் பெரும்பகுதியில் இந்த வடிவம். இலத்தீன் அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் அதற்கும் ‘தூவெ’.

தேலே என்ற ஸ்பானிய மொழித்திறன் தேர்வு எழுதப்போகிறேன். ‘தெனேய்ஸ்’, ‘துவீஸ்தெய்ஸ்’ போன்ற ‘நீங்கள்’ வடிவங்களை விட்டுவிடலாமா?
(வாசகி, பெங்களூரு)

பேசுவதற்கு விட்டுவிடலாம், இலத்தீன் அமெரிக்காவில் ‘நீங்கள்’ என்பதற்கு ‘உஸ்தேதெஸ்’ சொல்லி ‘தியேனென்’, ‘துவியேரொன்’ போட்டால் போதும். காதுக்கு விடாதீர்கள். ஒலிப்பகுதியில் ஸ்பெயின் உச்சரிப்பும் வரும்.

கட்டளை வடிவத்தில் ‘தேன்’, குடும்ப வினைகளில் குறி போடுவது எப்போது?
(வாசகர், ஈரோடு)

‘நீ வைத்துக்கொள்’ என்பதற்குத் ‘தேன்’; ஓரசைச் சொல், குறி இல்லை. மறுக்கும்போது சப்ஜங்க்டிவ்: நோ தேங்கஸ். குடும்ப வினைகளில் சொல் ஓரசையைத் தாண்டி நீண்டு, ‘ன்’னில் முடிந்து, அழுத்தம் கடைசியில் விழுவதால் குறி கட்டாயம்: மன்தேன், ஒப்தேன், தெதேன். ‘நில்’ என்று ஒருவரை நிறுத்தும்போது ‘தெ’ ஒட்டி ‘தெதேன்தெ’ ஆகும். இப்போது அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசைக்கு வந்துவிட்டது, சொல்லும் உயிரில் முடிகிறது, ஆகவே குறியை எடுத்துவிட வேண்டும்.