கல்யாணக் கேசட்டை டிஸ்க்கில் ஏற்ற எந்தக் கருவி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எங்கள் வீட்டில் 14 வி.எச்.எஸ். கேசட்டுகள் இருக்கின்றன. பழைய வி.சி.பி. ஓடவில்லை. கம்ப்யூட்டரில் செருகும் சின்ன யூ.எஸ்.பி. கருவி மலிவாகக் கிடைக்கிறது. கேசட்டும் டிவிடியும் ஒரே பெட்டியில் ஓடும் பழைய ரெக்கார்டர் ஒன்றும் விற்பனைக்கு வந்திருக்கிறது. எதை வாங்கலாம்?
– நாகர்கோவில் வாசகி

பதில்: இரண்டுக்கும் முன்னால் நீங்கள் தேட வேண்டியது ஒரு நல்ல வி.சி.ஆர். டேப்பைப் படிக்கும் ‘ஹெட்’ என்ற பகுதி எடுக்கத் தவறியதைப் பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அதற்கே போகட்டும். புது மெஷின் இனிக் கிடையாது. கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழைய மெஷின்தான் கிடைக்கும் என்பதால் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சோதிக்கப் போகும்போது கல்யாணக் கேசட்டைக் கொண்டுபோக வேண்டாம். போனாலும் பரவாயில்லை என்ற ஒன்றை எடுத்துச்செல்லுங்கள். பதினைந்து நிமிடம் ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்ததும் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி மூடியைத் தூக்கி டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மடிந்தோ சுருங்கியோ இருந்தால் அந்த மெஷின் உங்கள் மற்ற கேசட்டுகளையும் அப்படித்தான் செய்யும். படத்தில் கிடைக்கோடுகள் ஓடினால் டேப்பையும் ஹெட்டையும் நேர்ப்படுத்தும் டிராக்கிங்கைச் சரிசெய்து பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் ஹெட் அழுக்காகவோ தேய்ந்தோ இருக்கிறது. படத்தின் அடியில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் நெளிந்தால் பயப்பட வேண்டாம். ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடம் அது, எல்லா வி.எச்.எஸ். மெஷினிலும் உண்டு, டிவியின் விளிம்பு அதை மறைத்துவந்தது.

வி.எச்.எஸ்.ஸின் உயர்ரகமான எஸ்-வி.எச்.எஸ். வகை மெஷின் கிடைத்தால் விடாதீர்கள். அதிலிருக்கும் எஸ்-வீடியோ அவுட்டில் வெளிச்சமும் நிறமும் தனித்தனி ஒயரில் வரும். மஞ்சள் ஒயரில் இரண்டும் கலந்துவருவதால் பட்டுப்புடவைக் கரையில் புள்ளிகள் ஊர்வது இதில் குறையும். ஜே.வி.சி., பானசோனிக் இரண்டின் உயர்ரக மாடல்கள் சிலவற்றில் டி.பி.சி. என்ற திருத்தியும் உள்ளேயே இருக்கிறது. பழைய டேப்பில் ஒவ்வொரு வரியும் ஒரு நூலளவு முன்னே பின்னே தொடங்கும். மணவறைத் தூண் நெளிவது அதனால்தான். டி.பி.சி. அந்த வரிகளை நேராக நிறுத்துகிறது.

இப்போது உங்கள் இரண்டு தேர்வுகளுக்கு வருவோம். ஒரே பெட்டி ரெக்கார்டரில் வேலை சுலபம்: கேசட்டைப் போட்டு, டிஸ்க்கைப் போட்டு, பட்டனை அழுத்தினால் போதும், கம்ப்யூட்டரே வேண்டாம். ஆனால் அது நேராக எம்பெக்-2 என்ற டிவிடி வடிவில் சுருக்கி எழுதிவிடும். பிறகு வெட்டவோ நிறம் திருத்தவோ நினைத்தால் அதற்கு வழி குறைவு. வீட்டில் கம்ப்யூட்டர் பழக்கம் யாருக்கும் இல்லையென்றால் அதையே வாங்குங்கள். பழக்கம் இருந்தால் தனி வி.சி.ஆரும் யூ.எஸ்.பி. கருவியும்தான் எங்கள் சிபாரிசு. மிக மலிவான, பெயரில்லாத கருவிகளில் தவறில்லாதவை உண்டு. ஆனால் ஒரே உறையில் உள்ளே வெவ்வேறு சிப் வைத்து விற்கிறார்கள், எது வருமென்று சொல்ல முடியாது. ஹாப்பாக் யூ.எஸ்.பி.-லைவ்2 போன்ற, எஸ்-வீடியோ நுழைவு உள்ள கருவியைத் தேடுங்கள்.

பதிவுக்கு வெர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருள் போதும். அளவு 720 × 576, நொடிக்கு 25 ஃபிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். ஹஃப்யுவ் போன்ற இழப்பில்லாத வடிவில் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 40 ஜி.பி. ஆகும். ஹார்டு டிஸ்க் ஃபேட்32 என்ற ஃபார்மேட் முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் எழுதாது. தாலி கட்டும் நேரத்தில் பதிவு நின்றுபோயிருக்கும். முன்பே என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிவிடுங்கள். ஃபார்மேட் செய்தால் அதிலிருப்பது அழியும் என்பதால், வேறெங்காவது நகல் எடுத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: யூ.எஸ்.பி. கருவியில் பதிவு செய்தேன். அரைமணிக்குப் பிறகு நாதஸ்வரம் வாசிப்பவரின் விரல் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகிறது.
– மன்னார்குடி வாசகர்

பதில்: கருவியில் ஒலிப்பகுதி பழுது என்று பலர் தூக்கிப்போடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் படத்தில்தான். டேப் தேய்ந்த இடங்களில், ஒவ்வொரு வரியும் ஃபிரேமும் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் சிங்க் சிக்னல் அறுந்தால் கருவி சில ஃபிரேம்களை விட்டுவிடும். ஒலி நிற்காமல் ஓடும். நொடிக்கு 25 ஃபிரேம் என்பதால் 25 ஃபிரேம் விட்டுப்போனாலே ஒரு நொடி இடைவெளி. வெர்ச்சுவல்டப் திரையில் எத்தனை ஃபிரேம் விட்டது என்ற எண் ஓடும். அது ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஏறினால் வி.சி.ஆருக்கும் கருவிக்கும் நடுவே பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வையுங்கள். பானசோனிக் டி.எம்.ஆர்.-இ.எஸ்.10, இ.எஸ்.15 இந்த வேலைக்குப் பேர்போனவை. டிஸ்க் எதுவும் போட வேண்டியதில்லை; சிக்னல் உள்ளே போய் நேராக்கப்பட்டு வெளியே வந்தால் போதும். அதன் மெனுவில் உள்ள லைன்-இன் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முகங்கள் மெழுகு பூசினாற்போல் ஆகும். டிவிடி எழுதும் பகுதி கெட்டுப்போன ரெக்கார்டர்கூட இதற்கு உதவும், அதனால் மலிவாகவே கிடைக்கலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த கேசட்டுகள் இங்கே உள்ள வி.சி.ஆரில் போட்டால் படம் வருவதில்லை. கெட்டுவிட்டனவா?
– டொராண்டோ வாசகர்

பதில்: கெடவில்லை. வீடியோ பதிவில் இலங்கையும் இந்தியாவும் பால் (PAL) முறை, கனடா என்.டி.எஸ்.சி. (NTSC) முறை. கேசட் பெட்டி ஒன்றுதான், பதிவு வேறு: பால் முறையில் 625 வரி, நொடிக்கு 25 ஃபிரேம், என்.டி.எஸ்.சி.யில் 525 வரி, ஏறக்குறைய 30 ஃபிரேம். பால் ஓட்டும் மல்டிசிஸ்டம் வி.சி.ஆர். வேண்டும். சாம்சங் எஸ்.வி.-5000டபிள்யூ, பானசோனிக் ஏ.ஜி.-டபிள்யூ1 போன்றவை உள்ளேயே என்.டி.எஸ்.சி.யாக மாற்றியும் தரும். அந்த மாற்றத்தைப் பயன்படுத்தாதீர்கள்; வரியும் ஃபிரேமும் அங்கேயே குலைந்துவிடும். பாலாகவே வெளியே எடுத்து, பால் ஏற்கும் கருவியில் பாலாகவே பதிவுசெய்யுங்கள். பால் டிஸ்க் கனடாவில் உள்ள பல பிளேயர்களில் ஓடாது, எனவே உறவினருக்குக் கொடுப்பதைக் கம்ப்யூட்டர் ஃபைலாகக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு கேசட்டின் உள்ளே டேப்பின் மேல் வெள்ளையாகப் பூசணம். அப்படியே ஓட்டலாமா?
– சிதம்பரம் வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். பூசணம் ஹெட்டை அடைத்து, அந்த மெஷினில் அடுத்துப் போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். முதலில் மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் சில நாள் வையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது. நன்றாக உலர்ந்தபின் முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, அடிப்பக்கத்து ஐந்து திருகுகளைக் கழற்றுங்கள். ரீல் ஓரத்தில் உள்ள பொடியை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, நூல் உதிராத உலர்ந்த துணிக்கிடையே டேப்பைக் கையால் சுற்றுங்கள். மூன்று மணிக் கேசட்டில் சுமார் 258 மீட்டர் இருக்கிறது, பொறுமை வேண்டும். ரீல்களை வேறு சுத்தமான கேசட் கூட்டுக்கு மாற்றிவிட்டே ஓட்டுங்கள். டேப் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்காமல் நிறுத்தி, இதைத் தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

ஓட்டியபின் ஹெட்டைத் துடையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் குச்சியை, ஹெட் பொருந்தியிருக்கும் சுழல் உருளையான டிரம்மின் பக்கவாட்டில் லேசாக வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மேலிருந்து கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முறியும். காது குடையும் பஞ்சுக்குச்சி கூடாது, நூல் சிக்கும்.

கேள்வி: 8 மி.மீ. கேசட்டை வி.எச்.எஸ். மெஷினில் போட அடாப்டர் கிடைக்குமா?
– ஈரோடு வாசகர்

பதில்: கிடையாது. அடாப்டர் இருப்பது வி.எச்.எஸ்.-சி என்ற குட்டிக் கேசட்டுக்கு மட்டும். அதன் டேப் வி.எச்.எஸ். டேப்பேதான். 8 மி.மீ. டேப்பின் அகலமே வேறு. அதை ஓட்ட அந்த வகைக் கேமராவோ பிளேயரோதான் வேண்டும்.

கேள்வி: மூன்று மணிக் கேசட் முழுவதும் ஒரே டிவிடியில் அடங்குமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: அடக்கலாம், ஆனால் 4.7 ஜி.பி. டிஸ்க்கில் மூன்று மணி என்றால் ஒலியும் சேர்த்து நொடிக்கு மூன்றரை மெகாபிட்தான் கிடைக்கும். வி.எச்.எஸ்.ஸின் இரைச்சலைச் சுருக்க அது போதாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒன்றரை மணிக்கு ஒரு டிஸ்க்காகப் பிரித்து, படத்துக்கு 6 மெகாபிட் கொடுங்கள். ஒரே டிஸ்க் கட்டாயம் என்றால் 352 × 576 அளவில் செய்யுங்கள், வி.எச்.எஸ். குறுக்கே சுமார் 240 வரி விவரம்தான் தருவதால் இழப்பு அதிகமில்லை. 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எழுதுங்கள், முடிந்ததும் மற்ற பிளேயர்களிலும் ஓடும்படி டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யுங்கள், காகித லேபிள் ஒட்டாதீர்கள். மூல ஃபைல் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில்.