ஆயிரம் ஸ்தோத்திரமும் மூன்று வாரச் சம்பளமும்

கேள்வி: ஐயா, நான் தாராவியில் தையல் பட்டறை நடத்துகிறேன். தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஆயிரம் ஸ்தோத்திர பலி (தேவனைத் துதிக்கும் ஆயிரம் வரிகள்) ஏறெடுக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் தவறியதே இல்லை. புதன்கிழமையானால் மாஹிம் கத்தோலிக்கக் கோயிலில் மெழுகுவத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் போல நான் பேருக்குக் கிறிஸ்தவன் அல்ல. ஊரிலிருந்து என்னோடு ஒரே ரயிலில் வந்தவர்கள் இன்னும் அதே பத்துக்குப் பத்து கோலியில் (ஒற்றை அறையில்) கிடக்க, கர்த்தர் எனக்கு நவி மும்பை உல்வேயில் சொந்த வீடு கொடுத்தார். அதற்காகச் சபையில் சாட்சியும் சொன்னேன். ஆனால் என் மனைவி, "இத்தனை ஜெபம் பண்ணியும் நீங்க கொஞ்சமும் மாறல" என்கிறாள். சாப்பாடு தாமதமானால் கோபம் வருகிறது, உண்மைதான். பட்டறைப் பையன்களிடமும் கத்திவிடுகிறேன். கையில் பணம் புரளாததால் அவர்களுக்கு மூன்று வாரச் சம்பளம் பாக்கி. அதையும் குத்திக் காட்டுகிறாள். ஸ்தோத்திரத்தை இன்னும் கூட்ட வேண்டுமா? இல்லை, அவளுடைய அவிசுவாசம்தான் என்னைத் தடுக்கிறதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மும்பை

பதில்: சகோதரரே, கூட்ட வேண்டாம். உங்கள் மனைவி எதையும் தடுக்கவும் இல்லை. நாலு மணிக்கு உங்கள் ஸ்தோத்திரத்தையும் எட்டு மணிக்கு உங்கள் கத்தலையும் ஒரே நாளில் கேட்கிறவர் அவர். ஜெபம் உங்களை மாற்றியிருக்கிறதா என்று சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் உங்கள் சபையிலும் இல்லை, இந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் இல்லை. அவர் சொல்வதை நம்புங்கள்.

உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லூக்கா 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் என்று அங்கேயும் ஒருவன் சொல்கிறான். யூத மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட அந்தப் பரிசேயனைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கேட்டு நாம் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். அவன் தேவனிடம் எதையுமே கேட்கவில்லை. அவன் பண்ணியது முழுக்க முழுக்க ஸ்தோத்திர ஜெபம். தூரத்தில் நின்ற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, மனதில் வைத்து, "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால், உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். நன்றி சொல்லியும் நீதிமானாக்கப்படாமல் வீடு திரும்பிய ஒரு மனிதனை ஆண்டவரே நமக்குக் காட்டியிருக்கிறார். கண்ணின் ஓரத்தில் இன்னொருவனை வைத்துக்கொண்டு சொன்ன நன்றி அது. உங்கள் சாட்சியில் அந்த ஆயக்காரன் நின்ற இடத்தில் கோலியில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களை நிறுத்தியிருக்கிறீர்கள். அவர்களில் யாராவது அன்றைக்குச் சபையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு வேதனையாக இருக்கிறது.

மாஹிம் பேச்சையும் நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். புனித மிக்கேல் ஆலயத்தின் புதன்கிழமை நவநாள் ஜெபம் 1948இல் தொடங்கியது. அந்த வரிசையில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிற்கிறார்கள். நம் தாராவித் தமிழ்ப் பெண்களும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டது கிடைத்த பிறகு நன்றி சொல்லவென்றே திரும்ப வருகிறவர்களும் அதில் உண்டு. இயேசுவால் சுத்தமான குஷ்டரோகிகள் பத்துப்பேரில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான், அவனும் யூதர்கள் ஒதுக்கி வைத்த சமாரியன். மெழுகுவத்தியைப் பார்த்து ஒருவருடைய விசுவாசத்தை எடைபோடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, நன்றி சொல்வது மனிதனை மாற்றுமா என்றால், மாற்றும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார். எல்லாம் பெற்றுக்கொண்டது என்பது உள்ளே இறங்கிவிட்டால் பெருமை பேச இடமிருக்காது. பெருமை போனால் பாதிக் கோபம் அதோடு போய்விடும். உல்வே வீட்டைக் கர்த்தர் கொடுத்தார் என்கிறீர்கள். யார் கையால் கொடுத்தார்? பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து, பகலெல்லாம் காலர் வைத்து, காஜா எடுத்து, பிசிறு வெட்டி, ராத்திரி மெஷின்களுக்கு நடுவிலேயே துணியை விரித்துப் படுக்கிற பையன்களின் கையால். ஸ்தோத்திர பலிப் புத்தகத்தில் இருப்பவை தேவனுடைய நாமங்களும் குணங்களும். அவற்றைச் சொல்வது நல்லது, சொல்லுங்கள். ஆனால் "இரக்கமுள்ள தேவனே ஸ்தோத்திரம்" என்ற வரி வந்ததும் நிறுத்துங்கள். அன்றைக்கு உங்களுக்கு இரங்கியவர்களை, நீங்கள் இரங்காமல் விட்டவர்களைப் பெயர் பெயராக நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு ஆயிரம் முடியாமல் போனால் போகட்டும்.

சயான் கோலிவாடாவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி ஜெபித்ததை நான் கேட்டிருக்கிறேன். காலையில் குழாயில் தண்ணீர் வந்தபோது இவருடைய குடத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்த பக்கத்து வீட்டு மராத்திப் பெண்ணுக்காக ஸ்தோத்திரம். ரேஷன் கடையில் கைரேகை விழாதபோது முகம் சுளிக்காமல் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்ன பையனுக்காக ஸ்தோத்திரம். மாத்திரைப் பட்டையில் தேதி பார்த்துச் சொன்ன பேத்திக்காக ஸ்தோத்திரம். எல்லாரையும் பெயர் சொல்லித்தான் ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, "இதை அந்த ரேஷன் பையன்ட்ட குடுத்துட்டு வந்துடறேன், கடையைச் சாத்திருவான்" என்று கிளம்பிவிட்டார். அவருக்கு ஜெபமும் அந்த நடையும் ஒரே வேலை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்துக்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் கேட்டதில்லை.

கத்தோலிக்கச் சகோதரர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனை அது. (1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இவருடைய தோழர்தான்.) அதில் ஐந்து படிகள். முதலில், பெற்ற நன்மைகளுக்காக நன்றி. அடுத்து, என் பாவங்களை நானே பார்க்கக் கிருபை தாரும் என்ற வேண்டுதல். அப்புறம் அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது. பிறகு மன்னிப்புக் கேட்பது, கடைசியாகத் திருந்த உறுதி எடுப்பது. நன்றியை அவர் முதலில் வைத்தது எவ்வளவு சரி என்று அடிக்கடி நினைப்பேன். தன்மேல் ஒருவர் அன்பாக இருக்கிறார் என்று தெரிந்தவனுக்குத்தான் தன் குற்றத்தை நேராகப் பார்க்கத் தைரியம் வரும். நீங்கள் முதல் படியிலேயே ஆயிரம் தடவை ஏறி இறங்குகிறீர்கள், ஐயா. மூன்றாவது படிக்குப் போனால் அந்த எட்டு மணி அங்கே காத்திருக்கும்.

இப்போது சம்பள விஷயம். கடிதத்தில் அதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயம். கூலிக்காரனுடைய கூலியை அவன் வேலை செய்த அன்றைக்கே, பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24. அநியாயமாய்ப் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். உங்கள் நாலு மணி ஸ்தோத்திரம் போய்ச் சேருகிற அதே செவிகள்தான். பணம் புரளவில்லை, ஆனால் தசமபாகம் தவறவில்லை என்றால், தவறியது யாருடைய பங்கு? பையன்களுக்குச் சேர வேண்டியதை வைத்துக்கொண்டு எடுத்த காணிக்கை உங்களுடையதே அல்ல. இந்த மாதக் காணிக்கை தாமதமாகும் என்று போதகரிடம் சொல்லிவிடுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொன்னவர் நம் ஆண்டவர். போதகர் மறுக்க மாட்டார்.

ஆயக்காரர் தலைவனான சகேயு நீளமாக ஜெபித்ததாக லூக்கா எங்கும் எழுதவில்லை. இயேசு தன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து நின்று கணக்குத்தான் பேசினான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலு மடங்காகத் திருப்பி. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை அதற்குப் பிறகு வருகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த இடமும் ஒன்று இருக்கிறது. "கோபம் வருகிறது, உண்மைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோடும் ஒப்பிடாமல், யார்மேலும் பழி போடாமல் நீங்கள் எழுதிய ஒரே வரி அது. "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற அந்த ஆயக்காரனுடைய ஜெபத்துக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டீர்கள். நாளைக் காலை அந்த வரியிலிருந்து ஆரம்பியுங்கள். கோபம் ஒரே நாளில் போய்விடாது. வந்ததும் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் முதலில் வரும், வருவதற்கு முன்பே உணருகிற நாள் அப்புறம் வரும்.

பையன்களின் பாக்கியை இந்தச் சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் எவ்வளவு, எப்போது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மனைவியிடம் "நான் மாறிட்டேனா?" என்று கேட்டு நிற்காதீர்கள். இத்தனை வருடம் கேட்ட கத்தலை அவர் உடனே மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை கிடையாது. தட்டின் முன் கண்ணை மூடித் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறீர்களே, கண்ணைத் திறந்ததும் சமைத்தவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாளைக்குச் சாப்பாடு தாமதமானால் அன்றைக்கே ஆரம்பிக்கலாம்.